மீதிச் சாமியும் பத்தாவது வட்டிலும்

அந்த வருஷம் மதுரைக்கு மழை வந்ததோ இல்லையோ, மீதிசங்கார சுவாமிகள் வந்துவிட்டார். வண்டியூர்த் தெப்பக்குளத்து வடகரையில் கொட்டகை போட்டு அவர் உட்கார்ந்த சில நாளிலேயே ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சீமையில் யுத்தம் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மதுரைக்காரர்கள் அதைப் பொட்டலம் மடிக்க வைத்துக்கொண்டார்கள். ஒன்பதால் வகுத்தால் மீதி விழுகிறதா இல்லையா என்பதுதான் அவர்களுடைய கவலை.

சாமியின் தத்துவம் ரொம்பச் சுருக்கம். கிரகம் ஒன்பது. ஆகவே உலகத்தில் உள்ளதெல்லாம் ஒன்பதால் வகுபட வேண்டும். வகுபடாமல் எங்கே மீதி நிற்கிறதோ, அங்கே சனீஸ்வரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை எழுப்பி அனுப்பும் ஏஜெண்டு பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் யார் என்று சாமி தம் வாயால் சொல்லமாட்டார், அடக்கமானவர். சீடர்கள் சொல்வார்கள்.

சும்மா நம்புங்கள் என்று அவர் சொல்லவில்லை. அத்தாட்சி வைத்திருந்தார். கொட்டகை வாசலில் ஒரு நீளப் பலகை. அதில் மஞ்சள் வர்ணத்தில் இருபத்தேழு இலக்கத்தில் ஓர் எண்: 738261954516942873429387165. இதற்கு மூலப் பேரெண் என்று பெயர். முன்னொரு பஞ்சத்தில் தெப்பக்குளம் வற்றியபோது, மைய மண்டபத்துக்கு அடியில் கிடந்த ஆமையின் முதுகில் இது எழுதியிருந்ததாம். அந்த ஆமை இப்போது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நட்சத்திரம் இருபத்தேழு, இலக்கமும் இருபத்தேழு. முன்னாலிருந்து படித்தாலும் சரி, பின்னாலிருந்து படித்தாலும் சரி, சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைத்துப் போட்டாலும் சரி, ஒன்பதால் வகுத்தால் மீதி வராது; முடிந்தால் வரவழைத்துக் காட்டுங்கள் என்று சாமி சவால் விட்டிருந்தார்.

கருத்தக்கண்ணன் சவாலை ஏற்றுக்கொண்டார். சர்க்கார் உத்தியோகத்தில் ஆயுசு முழுக்கக் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். பென்ஷன் வாங்குகிற மனிதருக்குப் பொழுது போக வேண்டாமா? குளத்துப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கட்டியால் வகுக்கத் தொடங்கினார். ஒரு படியில் இடம் போதாமல் அடுத்த படிக்கு இறங்கினார். மீதி பூஜ்யம். எண்ணைத் தலைகீழாக்கி வகுத்தார், பூஜ்யம். ஓரிடத்தில் வெட்டி இரண்டு துண்டையும் இடம் மாற்றி வகுத்தார், அப்போதும் பூஜ்யம். தண்ணீர் காலைத் தொடும் படிக்கு வந்ததும் சாக்கட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்து சாமி காலில் விழுந்தார். அன்றிலிருந்து அவர் சாமிக்குச் சம்பளமில்லாத கணக்கர். பாவம், மனிதருக்கு நன்றாக வகுக்கத் தெரிந்திருந்தது. ஏன் இப்படி வருகிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

படித்தவரே விழுந்துவிட்டார் என்றதும் மற்றவர்கள் விழுவதற்கு இடம் போதவில்லை. இட்டிலிக் கடைகளில் பத்தாவது இட்டிலியைத் தொட ஆளில்லை. வாயில் பத்துப் பல் பாக்கியிருந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், நன்றாக இருந்த ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஒன்பது பல்லோடு நிம்மதியாகச் சிரித்தார். இன்னொருவர் தம் மாடிப்படி பத்தில் ஒன்றை இடித்தார். மறுநாள் அந்த இடைவெளியிலேயே விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மீதி இருந்திருந்தால் கழுத்தே போயிருக்கும் என்று சாமி சொன்னார். மனிதர் கட்டுப் போட்ட காலோடு வந்து நன்றிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு மீதி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நம் பக்கத்தில் ஆளை எண்ணமாட்டார்கள். தலையை எண்ணினால் கண்ணு பட்டுவிடும். இது சாமிக்கும் தெரியும். அதனால் வீட்டில் சோறு தின்கிற வட்டிலை எண்ணி வரச் சொல்வார். வட்டில், மாடு, வாசல், தென்னை, இந்த நாலையும் வரிசையாக எழுதினால் வருவது வீட்டெண். அதை ஒன்பதால் வகுத்து, மீதி விழுந்தால் பூசை. ஆளின் முகத்தைப் பார்த்துச் சேவலோ, கிடாயோ, அதற்கு மேலோ காணிக்கை கேட்பார்கள். சூடம் ஏற்றுவார்கள், மணி அடிப்பார்கள். அதன்பின் வீட்டெண்ணின் இலக்கங்களைக் கூட்டி, வந்த தொகையை அதே எண்ணிலிருந்து கழிக்கச் சொல்வார் சாமி. அந்தத் தொகை கிரகங்களின் பங்காம். கழித்து வந்ததைக் கருத்தக்கண்ணன் மறுபடி வகுப்பார். பூஜ்யம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தில்தான் செக்கானூரணிக்கு மேற்கேயிருந்து வண்டி கட்டி வந்த நல்லகாமனும், அவன் மனைவி அழகம்மாளும், தங்கை சீனியம்மாளும் நின்றார்கள். வீட்டில் ஒரு கன்றுக்குட்டி செத்துப் போயிருந்தது. வேறொன்றுமில்லை. கன்றுக்குட்டி சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அதையெல்லாம் யோசிக்க வேண்டும். சாமியிடம் வந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

சீனியம்மாள் புருஷன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். போனவன் போனவன்தான், ஒரு கடுதாசி கிடையாது. அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து, விடிந்தால் மாட்டுத்தொழுவம், பொழுதேறினால் காடு என்று மற்றவர்களுக்குச் சமமாக உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

நல்லகாமன் எண்ணி வந்திருந்தான். வட்டில் பத்து, மாடு நாலு, வாசல் மூன்று, தென்னை இரண்டு. கருத்தக்கண்ணன் சிலேட்டில் 10432 என்று எழுதி வகுத்தார். மீதி ஒன்று. சாமி கண்ணை மூடினார், திறந்தார். திறந்த கண் கொட்டகைக்கு வெளியே வண்டியில் பூட்டியிருந்த காளை ஜோடியின் மேல் விழுந்தது. இது சாமானிய மீதி அல்ல, காளை ஜோடியைக் கிரகங்களுக்கு விட்டால்தான் போகும் என்றார். நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டான். அறுவடை நேரம், களத்தில் கதிரை மிதிக்கப் பிணையல் ஓட்ட அந்த ஜோடியை விட்டால் வேறு கிடையாது என்று கெஞ்சினான். சாமிக்கு அலுத்துவிட்டது.

“அப்படியானால் வீட்டில் எது அதிகப்படியோ அதை நீயே வெளியேற்று. ஒன்று போனால் போதும்” என்றார்.

அழகம்மாளின் பார்வை நாத்தனார் பக்கம் போனது. போனதைச் சீனியம்மாள் பார்த்துவிட்டாள். கருத்தக்கண்ணன் உதவிக்கு வந்தார். ஒரு வட்டிலைக் குறைத்து 9432 என்று எழுதி வகுத்தார். மீதி இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

சீனியம்மாள் வாய் திறந்தாள். “ஐயா, வட்டிலு பத்தும் இருக்கட்டும். வாசல்ல ஒண்ண அடைச்சிட்டா?”

கருத்தக்கண்ணன் வகுத்தார். மீதி இல்லை. மாட்டில் ஒன்று குறைந்தால் என்று கேட்டாள். அதற்கும் மீதி இல்லை. தென்னையில் ஒன்று? அதற்கும் இல்லை. “எதை எடுத்தாலும் வகுபடுகிறதே, என்ன மகிமை” என்று அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சீனியம்மாளுக்கு வந்தது கண்ணீர் அல்ல, சந்தேகம்.

வீட்டில் மறுநாள் ஆலோசனை நடந்தது. ஆலோசனை என்றால் பெரிய ஆலோசனை. மாட்டை விடலாமா? காளை போனால் களத்து வேலை கெடும், பசு போனால் பால் போகும். தென்னையை வெட்டலாமா? காய்க்கிற மரம், பாவம். பின்வாசலைக் கல் வைத்து அடைக்கலாமா? அழகம்மாள் கொதித்தாள். பின்வாசல் இல்லாவிட்டால் தொழுவத்துக்கு ஊரைச் சுற்றியா போவது என்று கேட்டாள். நியாயம்தான். மாடு, மரம், வாசல் மூன்றுக்கும் வக்காலத்துப் பேச ஆள் இருந்தது. நாலாவதுக்கு இல்லை. கொட்டாம்பட்டிக்கு அந்தாண்டை ஒரு தூரத்துச் சின்னத்தாய் இருக்கிறாள், தெப்பத் திருவிழா முடிந்ததும் சீனியை அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. சீனி வரப்போகிற விஷயம் அந்தச் சின்னத்தாய்க்கே தெரியாது.

ஒரு கதவை இழக்க மனமில்லாதவர்கள் ஒரு மனுஷியை இழக்கத் தயாராக இருந்தார்கள். சீனியம்மாள் அழுதாள். யார் காதிலும் விழாமல் தொழுவத்தில் நின்று அழுதாள். மாடு ஒன்றுதான் திரும்பிப் பார்த்தது.

தைப்பூசத் தெப்பத்தன்று, மீதியை வழியனுப்பும் பூசைக்கு அவளையும் ஒரு கிடாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிடாயும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். வழியெல்லாம் அவள் யோசித்தாள். சூடத்துக்கு முன்னால் எல்லாருக்கும் மீதி. சூடத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கும் மீதி கிடையாது. ஆனால் நடுவில் நடப்பது ஒரு காரியம் அல்ல, இரண்டு. சூடம் எரிகிறது, எண்ணிலிருந்து ஒரு தொகை கழிகிறது. மீதியைத் தின்றது சூடமா, கழித்தலா? ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் தெரிந்துபோகும். படிக்காதவளுக்கு இவ்வளவு தோன்றியது எப்படி என்று கேட்காதீர்கள். அவளுக்கு வீடு போகப்போகிறது; கருத்தக்கண்ணனுக்குப் பென்ஷன் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தெப்பக்குளத்தைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். தெப்பத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, மீதியைத் தீர்க்க வந்தவர்கள் பாதி. நல்லகாமன் முறை வந்தது. சீடன் ஒருவன் சூடத்தைத் தட்டில் வைத்தான். சீனியம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“சாமி, போற நேரத்துல ஒரு ஆசை. சூடம் ஏத்துறதுக்கு முந்தியே அந்தக் கழிக்கிற கணக்கப் போட்டுப் பாக்கலாமா?”

போகப்போகிறவள் கேட்கிறாள், போட்டுத்தான் பாருங்களேன் என்று கூட்டத்தில் நாலு பேர் இரக்கப்பட்டார்கள். சாமி யோசிப்பதற்குள் கருத்தக்கண்ணன் சிலேட்டை எடுத்துவிட்டார். கணக்கு என்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது. 10432. இலக்கங்களைக் கூட்டினால் பத்து. கழித்தால் 10422. வகுத்தார். மீதி இல்லை.

சூடம் தட்டில் அப்படியே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மணி அடிக்கவில்லை. கிடாய் உயிரோடு நின்று சாமியின் பூமாலையைத் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சாமி கையை உயர்த்தினார். தாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சூடம் எதற்கு, தம்முடைய காற்றுப் பட்டாலே மீதி கரைந்துவிடும் என்றார். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். காற்றே போதும் என்றால் இத்தனை நாள் கிடாய் எதற்கு என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை.

சீனியம்மாள் விடவில்லை. காற்றுப் படாத இடத்தில் பார்க்கலாம் என்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்து ஜட்காக்காரர் சிக்கந்தர் சவாரிக்குக் காத்திருந்தார். கருத்தக்கண்ணன் சிலேட்டோடு அங்கே போனார். பின்னாலேயே கூட்டமும் போனது. வட்டிலும் வாசலும் தமக்கு எதற்கு, குதிரைக்குப் பார்க்கலாம் என்று சிக்கந்தர் சொல்லிவிட்டார். லாடம் நாலு, காது இரண்டு, வால் ஒன்று, அன்று ஓடிய சவாரி ஏழு. 4217. வகுத்தால் மீதி ஐந்து. குதிரைக்கும் சனி பிடித்திருக்கிறது என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. இலக்கங்களைக் கூட்டினால் பதினாலு. கழித்தால் 4203. வகுத்தார். மீதி இல்லை. குதிரைக்கு விமோசனம் கிடைத்துவிட்டது. அது ஒரு தடவை கனைத்துவிட்டுப் புல்லைத் தின்றது.

“நம்ம குதிரை எந்தப் பூசையும் பண்ணலியே, மகளே” என்றார் சிக்கந்தர்.

கொட்டகைக்குத் திரும்பினால் சாமி புதுப் பதிலோடு இருந்தார். தம்முடைய மனோசக்தி ரோட்டைத் தாண்டிப் போயிற்றாம். குதிரை மேல் கருணை பிறந்துவிட்டதாம். மறுபடி ஆமாம் போடக் கூட்டம் வாயைத் திறந்தது. அதற்குள் சீனியம்மாள் கேட்டாள்.

“சரி சாமி. மனசால மீதியப் போக்கத் தெரிஞ்சவுகளுக்கு வர வைக்கவும் தெரியும்ல. எங்க வீட்டு எண்ணுல மீதி நிக்கணும்னு கண்ண மூடி நெனச்சுக்கங்க. ஐயா கழிச்சு வகுக்கட்டும். மீதி நின்னுச்சுன்னா நான் இப்பவே கொட்டாம்பட்டிக்கு நடந்து போறேன்.”

சாமிக்குக் கண்ணை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. மூடினார். பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கருத்தக்கண்ணன் சாக்கட்டி கீச்சிட வகுத்துக்கொண்டே வந்தார். மூவாயிரம் பேர் மூச்சுவிடாமல் ஒரு வகுத்தல் கணக்கைப் பார்த்த ஒரே நாள் மதுரை சரித்திரத்தில் அதுவாகத்தான் இருக்கும். சீனியம்மாளின் வீடு அந்தச் சிலேட்டில் இருந்தது.

மீதி இல்லை.

“இன்னும் கொஞ்சம் நெனைங்க சாமி” என்று பின்னாலிருந்து ஒருவன் ஆறுதலாகச் சொன்னான். சிரிப்பு அங்கேதான் தொடங்கியது.

கருத்தக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சிலேட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். ஆயுசில் முதல் தடவையாக, ஏன் இப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். காணிக்கையாக வந்திருந்த எலுமிச்சம்பழங்களைப் பத்துப் பத்தாகக் குவித்தார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு பழத்தை எடுத்தார். எடுத்த பழத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பத்துல ஒண்ண எடுத்தா ஒம்பது. நூறுல ஒண்ண எடுத்தா தொண்ணூத்தொம்பது. ஆயிரம், லட்சம் எதுவானாலும் இப்படித்தான். மூணு பத்து இருந்தா மூணக் கழிக்கிறோம், நாலு நூறு இருந்தா நாலக் கழிக்கிறோம். இலக்கத்தக் கூட்டிக் கழிக்கிறதுன்னா இம்புட்டுத்தான். மிஞ்சுறது பூரா ஒம்பது ஒம்பதாத்தானய்யா விழும். மீதி எங்கேருந்து வரும்?”

ஆமை முதுகு எண்ணின் மகிமையையும் அவரே உடைத்தார். இலக்கத்தின் கூட்டுத்தொகை ஒன்பதால் வகுபட்டால் எண்ணும் வகுபடும்; இலக்கத்தை எப்படிக் கலைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. இருபத்தேழைத் திருப்பினால் எழுபத்திரண்டு, முப்பத்தாறைத் திருப்பினால் அறுபத்துமூன்று. எல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருப்பவைதாம். பள்ளியில் பிரம்படி வாங்கி ஒப்பித்த வாய்ப்பாட்டுக்கா ஆமை தேவைப்பட்டது என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உடனே ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சாக்கட்டி உள்ளவன் படியில் போட்டான், இல்லாதவன் மண்ணில் குச்சியால் போட்டான். ஒன்பது பல் முதலாளி நாக்கால் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கால் ஒடிந்தவர் ஊன்றுகோலை இறுகப் பிடித்தார்.

சீனியம்மாள் கொட்டகைக்குள் இருந்த சாமியின் ஆட்களை ஒவ்வொருவராக விரலை நீட்டி எண்ணினாள். கண்ணு படட்டும் என்றே எண்ணினாள். சீடர்கள் ஒன்பது, சாமி ஒன்று.

“பத்துப் பேரு இருக்கீகளே சாமி. ஒம்பதுல வகுத்தா ஒண்ணு மிஞ்சுதே. இங்க வெளிய போகவேண்டியது யாரு?”

சாமி எழுந்து நின்றார். குருவை எண்ணக் கூடாது என்று கத்தினார்.

“அப்ப என்னைய மட்டும் எதுக்கு எண்ணுனீக?” என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்த வார்த்தையில் அத்தனை நாள் கோபமும் இருந்தது.

சாமி கொட்டகையின் சாக்குத்துணித் தடுப்புக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். கொட்டகைக் கயிறு சடைமுடியில் மாட்டியது. இழுத்தார். சடை கயிற்றோடு நின்றுவிட்டது. அடியிலிருந்து எண்ணெய் தடவி வகிடெடுத்த கிராப்புத் தலை ஒன்று வெளியே வந்தது. போன வருஷம் சித்திரைத் திருவிழாவில் மூலிகைப் பல்பொடி விற்றவன் இவன்தான் என்று யாரோ அடையாளம் சொன்னார்கள். அதற்குள் அவன் கரையைத் தாண்டி வயல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தான். கருத்தக்கண்ணன் பழக்க தோஷத்தில் கொட்டகையை எண்ணினார். சீடர்கள் ஒன்பது பேர். மீதி இல்லாமல் வகுபட்டது.

கட்டியிருந்த கிடாய்களையும் சேவல்களையும் ஜனங்கள் அவிழ்த்துக்கொண்டார்கள். பிடுங்கிய பல்லைத் திருப்பிக் கொடுக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

வண்டி ஊருக்குத் திரும்பியது. கிடாயும் சீனியம்மாளும் மறுபடி எதிரெதிரே. இரண்டு பேருக்கும் உயிர் வந்திருந்தது. வெகுதூரம் போனபின் நல்லகாமன் திரும்பாமலே, மனசுல வச்சுக்காத ஆத்தா என்றான்.

“வச்சுக்கிடாம எப்படிண்ணே இருக்கும்?” என்றாள் சீனியம்மாள். “அன்னிக்கு வட்டில எண்ணாம, எங்க மூஞ்சியப் பாத்து ஆள எண்ணியிருந்தீன்னா, ஒண்ண வெளிய தள்ளலாம்னு ஒனக்குத் தோணியிருக்குமா?”

நல்லகாமன் மாட்டை விரட்டினான். அவன் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். வீட்டில் அழகம்மாள் பத்தாவது வட்டிலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முதல் சோற்றை அதில்தான் போட்டாள்.

இத்தோடு ஊர் திருந்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். அழகர்கோவில் ரோட்டில் இப்போது ஒருவர் பதினொன்றால் வகுக்க வந்திருக்கிறாராம். வட்டிலை எண்ணிக்கொண்டு வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. தலையை எண்ணினால் கண்ணு படும் என்று பயப்படுகிறவர்களே, சரி, எண்ணவே வேண்டாம். அந்தத் தலையை உபயோகித்தால் அப்படி ஒன்றும் ஆகிவிடாது. ஒரு தடவை உபயோகித்துத்தான் பாருங்களேன்.